விளக்கும் நீரும் வாக்கும்

திருகோணமலைத் துறைமுகத்தின் கரையிலே அமைந்த சீனன்குடா, பரப்பிற் சிறியதாயினும் பெயரிற் பெரியது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் தாக்கிய விமானத்தளம் இங்கேதான் உள்ளது. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் குறித்து 2022ஆம் ஆண்டிலும் இலங்கையும் இந்தியாவும் உடன்படிக்கை செய்துகொண்டன. உலக நாடுகள் கண் வைத்த ஊர் இது. ஆனால், அக்குதங்களின் வேலிக்கு வெளியே வாழும் குடும்பத்துக்கு, உலக அரசியலினும் அணித்தான கேள்விகள் சில உண்டு. ஒழுங்கை முகப்பில் விளக்கு எரியுமா? மாரியிலே வாய்க்கால் அடைபடாது ஓடுமா? குப்பை வண்டி ஒழுங்காக வருமா?

இவற்றுக்கு விடை கூறவேண்டிய இடம் உள்ளூராட்சி மன்றமே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் என்பவற்றைச் சபையின் பொறுப்பிலே வைத்திருக்கின்றது. முன்னாளிற் கிராமச் சங்கங்களும் பட்டின சபைகளும் சுமந்த பொறுப்பே இது.

தேர்தல் வந்துவிட்டால் வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. வீடுதோறும் குழாய் நீர் தருவேன் என்கிறார் ஓர் அபேட்சகர். மின் கட்டணத்தைக் குறைப்பேன் என்கிறார் மற்றவர். கேட்பதற்கு இனிமைதான். ஆயினும், திருகோணமலைக்குக் கந்தளாய்க் குளத்திலிருந்து குழாய்வழி நீர் கொணர்வது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பணி. மின் கட்டணத்துக்கு அங்கீகாரம் அளிப்பது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. பிரதேச சபை உறுப்பினர் அவ்விடங்களிலே ஊருக்காக வாதாடலாம், ஆணையிட முடியாது. விமானத்தளத்துக்கும் குதங்களுக்கும் உரிய நிலத்திலே தாமாக ஒரு பாதை திறக்கவும் முடியாது.

ஆகவே, வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் இளைஞரை ஓர் ஆச்சி மூன்று கேள்வி கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். “தம்பி, நீர் சொல்லும் காரியத்தைச் செய்யச் சபைக்கு அதிகாரம் உண்டோ? அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? செய்து முடித்தபின் அதைப் பராமரிப்பவர் ஆர்?” இம்மூன்றுக்கும் நேரிய விடை கூறுபவரே நம்பத்தக்கவர். தெரு விளக்கை ஏற்றுவது எளிது. பழுதான குமிழை மறுவாரமே மாற்றுவதுதான் நிருவாகம். குப்பையை அள்ளுவது பாதி வேலை. அதை எங்கே, எவ்வாறு சேர்ப்பது என்பதே மறுபாதி. திருகோணமலை நகரில் உலவும் புள்ளிமான்கள் பொலித்தீனை உண்டு மடிந்த செய்தி, அந்த மறுபாதியை மறந்ததன் விளைவன்றோ?

பணம் பற்றிய கேள்வி வாக்காளரையும் சாரும். சோலைவரியைச் செலுத்தாது சேவையை மட்டும் எதிர்பார்ப்பது, விதையாமல் அறுக்க நினைப்பதாகும். வரியை உயர்த்தமாட்டேன், எல்லாம் இலவசமாகத் தருவேன் என்று ஒரே மூச்சிற் கூறுபவர், இரண்டில் ஒன்றையேனும் மறைக்கின்றார்.

இவ்வாக்கின் அருமையை அண்மைக் காலம் நன்கு உணர்த்தியது. 2023 மார்ச்சு 9ஆந் திகதி நடக்கவிருந்த தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் நின்றுபோயிற்று. அதே மாதத்திற் சபைகளின் காலமும் முடிந்தது. தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியதென 2024 ஆகத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆந் திகதியே மக்கள் வாக்களித்தனர். இடைப்பட்ட ஈராண்டிலே அலுவலர்கள் இருந்தனர், அலுவலகம் திறந்திருந்தது. ஆனால், “எங்கள் வாக்கால் வந்தவரே, எங்கள் தெரு ஏன் இருளிற் கிடக்கிறது?” என்று உரிமையோடு கேட்பதற்கு வட்டாரத்தில் ஓர் உறுப்பினர் இருக்கவில்லை.

அவ்வுரிமை மீண்டும் கிடைத்திருக்கின்றது. ஆயினும் வாக்குச் சாவடியோடு அது முடிந்துவிடுவதில்லை. வீட்டுக்கு வந்த அபேட்சகரிடம் கேட்ட மூன்று கேள்விகளையும், வென்று சபைக்குச் சென்ற உறுப்பினரிடம் ஆண்டுதோறும் கேட்கவேண்டும். கேட்கும் மக்கள் உள்ள ஊரிலேதான் விளக்கு அணையாது எரியும்.