வார்ப்பச்சு சொல்லும் ரிவால்வர் வரலாறு



வார்ப்புக் கருவிகளின் வரலாறு குறித்த இந்தக் கருத்தரங்கில் சிலை வார்ப்பு, மணி வார்ப்பு, எழுத்து வார்ப்பு என்று பலவற்றைக் கேட்கப் போகிறோம். தலைமை உரைக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு கைக்குள் அடங்கும் கருவி: அமெரிக்க வீடுகளில் ரிவால்வர் குண்டு வார்க்கப் பயன்பட்ட, இன்றும் பயன்படுகிற இரட்டைக் கட்டை அச்சு. துப்பாக்கி வரலாற்று நூல்களில் இதற்கு அரைப் பக்கம் கிடைத்தாலே அதிகம். அந்த நூல்கள் குண்டின் வடிவத்தைத் துப்பாக்கியின் தேவையைக் கொண்டே விளக்குகின்றன. என் கருத்தில் அந்த விளக்கம் பாதிதான். குழலை விட்டுப் பறப்பதற்கு முன் குண்டு அச்சை விட்டு வெளிவர வேண்டும். அது எளிதில் வெளிவருமா, வராதா என்பதும் அதன் வடிவத்தை முடிவு செய்திருக்கிறது. என் உரை முழுவதும் இந்த ஒன்றையே நிறுவ முயல்கிறேன்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்க முடியாது. அமெரிக்காவில் இது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. ஆகவே இந்த வரலாற்றை அது நடந்த இடத்திலேயே வைத்துப் பார்க்கிறேன்.

வீட்டு வார்ப்பு ரிவால்வருக்கு முந்தியது. 1776 ஜூலை 9 அன்று நியூயார்க்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஈயச் சிலையைக் கூட்டம் கயிறு கட்டி இழுத்துத் தள்ளியது. அந்த ஈயத்தில் பெரும்பகுதி கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டு ஊரில் ஆலிவர் வால்காட் என்பவரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அங்கே குண்டு வார்த்தவர்கள் பெண்களும் பிள்ளைகளும். யார் எவ்வளவு செய்தார்கள் என்ற கணக்கு இன்றும் இருக்கிறது. ரூத் மார்வின் 11,592. வால்காட்டின் மகள்கள் மேரி ஆன் 10,790, லாரா 8,378. சிறுவன் ஃபிரெடரிக் 936. மொத்தம் 42,088. போர்களின் வரலாற்றில் சமையலறை அடுப்பு இவ்வளவு தெளிவாகத் தெரியும் ஆவணத்தை நான் வேறு பார்த்ததில்லை. அங்கே அச்சைப் பிடித்த கை படைவீரனுடையது அல்ல என்பதை நாம் மறக்கக் கூடாது.

அவை மஸ்கெட் துப்பாக்கிக்கான உருண்டைகள். ரிவால்வர் வந்ததும் கணக்கு மாறுகிறது. சாமுவேல் கோல்ட் 1836இல் காப்புரிமை பெற்றார். நியூஜெர்சியின் பேட்டர்சனில் தொடங்கிய தொழில் நொடித்துப்போய், 1847க்குப் பிறகு ஹார்ட்ஃபோர்டில் தழைத்தது. அவருடைய ரிவால்வரில் வெடிமருந்தையும் குண்டையும் சுழலும் உருளையின் அறைகளில் முன்பக்கத்திலிருந்து அடைக்க வேண்டும். குண்டு அறையின் வாயைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். நெம்புகோலால் அழுத்தும்போது விளிம்பிலிருந்து மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவப்பட்டு வெளியே விழும். அந்த வளையம் முழுதாக விழுந்தால் அறை நன்றாக அடைபட்டது என்று பொருள். இதற்கு மென்மையான ஈயம் வேண்டும். அளவு பிசகாத அச்சும் வேண்டும். அதனால்தான் கோல்ட் தன் ரிவால்வரோடு அச்சையும் சேர்த்தே விற்றார். வெல்வெட் விரித்த மரப்பெட்டியில் ரிவால்வர், மருந்துக் குடுவை, திருகுவிசை, அவற்றின் பக்கத்தில் வார்ப்பச்சு.

அந்த அச்சில் இரண்டு குழிகள் இருக்கும். ஒன்று உருண்டைக்கு, மற்றது கூம்புக்கு. இரண்டையும் ஏன் ஒன்றாக வைத்தார்கள்? உருண்டைக்கு முன், பின் கிடையாது. அறைக்குள் கோணலாக நுழையவே முடியாது. அச்சிலிருந்தும் தானே உதிரும். கூம்பு கூடுதல் எடை கொண்டது. ஆனால் நேராக நிற்க வேண்டும். அதற்காக அடியைச் சற்றே ஒடுக்கினார்கள். அந்த ஒடுக்கம் அச்சில் ஒரு விளிம்பாக மாறி, ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும் முதல் இடமாகிறது. துல்லியத்துக்காகச் சேர்த்த ஒவ்வொரு கோடும் அச்சைத் திறப்பவருக்கு ஒரு தடையாக வந்து நின்றது.

திறப்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். வார்ப்பவர் கட்டைகளை முதலில் சூடாக்கிக்கொள்வார். குளிர்ந்த அச்சில் ஊற்றினால் குண்டின் தோல் சுருங்கிச் சுருங்கி வரும். மேலே ஒரு தகடு இருக்கும், நடுவில் புனல்போன்ற துளையோடு. கரண்டியால் ஊற்றியதும் துளைக்கு மேல் ஈயம் குமிழாக நிற்கும். அதன் பளபளப்பு மங்கும்வரை பொறுத்து, மரச்சுத்தியால் தகட்டைத் தட்டித் திருப்பினால் மிச்சம் வெட்டுப்படும். பிறகு பிடியை விரிக்க வேண்டும். குண்டு விழுந்தால் நல்லது. விழாவிட்டால் கொழுக்கட்டை அச்சின் ஒரு பாதியில் மாவு ஒட்டிக்கொள்வதுபோல அது ஒரு பக்கத்திலேயே தங்கிவிடும். அப்போது பிடியின் கீல் ஆணியைத் தட்ட வேண்டும். கட்டையைத் தட்டவே கூடாது. கட்டையில் விழும் ஒவ்வொரு அடியும் அடுத்த குண்டின் வட்டத்தைக் கெடுக்கும். பழைய அச்சுகளின் கட்டை மேல் காணும் நசுங்கல்கள் பொறுமை இழந்தவர்களின் தடயங்கள். கோல்ட் காலத்து அச்சுகளின் பிடி முழுக்க உலோகம். மரக் கைப்பிடி இல்லாததால் சிறிது நேரத்தில் கை பொறுக்காது. பின்னாளில் மரம் சேர்ந்த பிறகுதான் ஒரே இருப்பில் நிறைய வார்க்க முடிந்தது.

அடுத்த திருப்பம் தோட்டாவின் பித்தளைக் கூட்டோடு வந்தது. தொடக்கத் தோட்டாக்களில் குண்டின் பருமனும் கூட்டின் பருமனும் ஒன்றே. குண்டின் அடி மட்டும் ஒடுங்கிக் கூட்டுக்குள் செருகப்பட்டிருக்கும். மசகுக் கொழுப்பு கூட்டுக்கு வெளியே தடவப்பட்டிருந்ததால் தூசியும் மணலும் ஒட்டின. ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் ரஷ்யப் படைக்காக 1870களின் தொடக்கத்தில் செய்த 0.44 தோட்டாவில் குண்டையே மெலிதாக்கி, மசகுப் பள்ளங்களைக் கூட்டுக்குள் மறைத்தார்கள். பிற தோட்டாக்களும் அந்த வழியில் சென்றன. இன்று 38 என்று பெயர் கொண்ட ரிவால்வர் குண்டின் உண்மைப் பருமன் 0.357 அங்குலமாக இருப்பதற்குக் காரணம் இந்த மாற்றமே. பெயர் பழைய பருமனோடு நின்றுவிட்டது. குண்டு மட்டும் இளைத்துவிட்டது.

இனி வரும் கதையில் பள்ளங்களே நாயகர்கள். ஜான் பார்லோ 1884இல் நியூ ஹேவனில் ஐடியல் நிறுவனத்தைத் தொடங்கினார். இடுக்கி போன்ற ஒரே கருவியின் முனையில் அச்சு, நடுவில் தோட்டா அடைக்கும் வசதி என்று அவர் செய்து விற்றது, தொலைதூரப் பண்ணை வீடுகளைக் கடையின் தயவிலிருந்து விடுவித்தது. அவர் கையேடுகளும் வெளியிட்டார். 1925இல் ஐடியல், லைமன் நிறுவனத்தின் கைக்குப் போனது. இவர்களுடைய அச்சில் வெட்டிய எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 429421 என்றால் 0.429 அங்குலப் பருமன், 421ஆம் வடிவமைப்பு.

அந்த 429421இன் சொந்தக்காரர் எல்மர் கீத். 1899இல் பிறந்து 1984இல் மறைந்தவர்; இடாஹோவின் சால்மன் ஊரில் வாழ்ந்த பண்ணைக்காரர், வேட்டை வழிகாட்டி, எழுத்தாளர். 1920களின் இறுதியில் அவர் வகுத்த குண்டு சுமார் 16 கிராம் எடை. தட்டையான அகல மூக்கு, கூட்டுக்கு வெளியே நின்று அறையின் வாயில் நேராகப் பொருந்தும் முழுப் பருமனுள்ள முன்பட்டை, சம அகலமுள்ள மூன்று பட்டைகள், சதுர அடியுள்ள ஆழமான மசகுப் பள்ளம். சதுரப் பள்ளம் ஏன்? அதில் மசகு அதிகம் தங்கும். ஆனால் சதுர மூலை அச்சில் ஈயத்தை இறுகப் பிடிக்கும். பிற்காலத்தில் லைமன் அந்தப் பள்ளத்தை வட்டமாக்கியது, முன்பட்டையையும் குறுக்கியது. வட்டப் பள்ளத்திலிருந்து குண்டு எளிதில் உதிரும். அச்சு செய்பவருக்கும் வார்ப்பவருக்கும் அது வசதி. கீத் அதை ஏற்கவே இல்லை. தன் வடிவத்தைச் சிதைத்துவிட்டதாகக் கடைசிவரை சொன்னார். சுடுபவரின் தேவையும் வார்ப்பவரின் தேவையும் நேருக்கு நேர் மோதிய இடம் அது. மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு பள்ளத்தின் மூலையில் அந்த மோதல் பதிவாகியிருக்கிறது. என் அனுதாபம் கீத்தின் பக்கம்தான். ஆயினும் வென்றது யார் என்பதைக் கடைகளில் விற்ற அச்சுகளே சொல்கின்றன.

குண்டின் வடிவம் மாறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். குழியை வெட்டும் கருவியைப் பட்டறையில் செர்ரி என்பார்கள். அது குண்டின் அதே வடிவில் பல்லுள்ள எஃகுத் துண்டு. சுழலும் செர்ரியின் மேல் இரு கட்டைகளும் மெல்ல நெருங்கி மூடும். தீட்டத் தீட்டச் செர்ரி மெலியும். அதே எண் பொறித்த இரண்டு அச்சுகளில் பிந்தியது சிறிய குண்டைத் தருவது அதனால்தான். எண் ஒன்று என்பதால் வடிவம் ஒன்று என்று எழுதாதீர்கள். அளந்து எழுதுங்கள்.

பிற வகைகளைச் சுருக்கமாகத் தொடுகிறேன். தாளில் வட்டமாகத் துளையிடும் மொட்டை உருளைக் குண்டு, இலக்குப் போட்டிகளுக்காக வந்தது. அதன் அடியைக் குழிவாக்க அச்சில் தனி ஊசி வேண்டும். ஒவ்வொரு முறையும் ஊசியைச் செருகி எடுப்பது வார்ப்பின் வேகத்தைக் குறைத்துவிடும். ரே தாம்சன் வகுத்த 358156இன் அடியில் சிறு செம்புக் கிண்ணி பொருந்த ஒரு படி உண்டு; கூட்டின் விளிம்பை மடிக்க இரண்டு பள்ளங்களும் உண்டு. ஹென்ஸ்லி அண்ட் கிப்ஸ் நிறுவனத்தார் பத்துக் குழிவரை உள்ள கனத்த அச்சுகளைச் செய்தார்கள். அவற்றைத் தூக்கிப் பிடித்து வார்க்க மணிக்கட்டில் வலு வேண்டும்.

விஸ்கான்சினில் இன்னொரு ஹார்ட்ஃபோர்ட் இருக்கிறது. அங்கே லீ நிறுவனம் அலுமினியத்தில் மலிவான அச்சு செய்தது. அலுமினியம் விரைவில் சூடேறும், கைக்கு இலகு, ஈயம் ஒட்டாது. இரும்பைப்போல் நீடித்து உழைக்காது என்பது உண்மை. என்றாலும் சம்பளக்காரர் வீட்டுக்குள் வார்ப்பைக் கொண்டுசேர்த்தது அதுதான். அவர்களுடைய ஒரு வகைக் குண்டில் ஆழமான பள்ளத்துக்குப் பதில் மெல்லிய வரிகள் பல. திரவ மசகில் குண்டுகளைப் புரட்டி உலர்த்தினால் போதும். மெல்லிய வரி அச்சைப் பிடிக்காது என்பதையும் கவனியுங்கள். அண்மையில் குண்டின் மேல் தூள் பூச்சைச் சூடேற்றிப் பதிக்கும் முறை பரவியதும், பள்ளமே இல்லாத அச்சுகளும் சந்தைக்கு வந்துவிட்டன. கீத் போராடிய மூலை இப்போது தேவையற்றதாகிறது.

உலோகத்தைப் பற்றி ஒரு சொல். நம் அச்சகங்களில் ஈய எழுத்துக் கோர்த்தவர்கள் அறிந்த அதே ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயக் கலவைதான் குண்டு வார்த்தவர்களின் கைகளுக்கும் போனது. லைனோடைப் எழுத்து வார்ப்பு இயந்திரக் கலவையில் சுமார் 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். அந்த இயந்திரங்கள் ஓய்ந்தபோது அவற்றின் உலோகம் பொழுதுபோக்கு வார்ப்பவர்களிடம் சேர்ந்தது. எழுத்து வார்ப்பைப் பற்றிக் கட்டுரை கொண்டுவந்திருப்போர் இந்தத் தொடர்பையும் பின்தொடர வேண்டுகிறேன்.

காப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அட்டவணையில் "குண்டு அச்சு, இரும்பு, ஒன்று" என்று எழுதிவிட்டு நகராதீர்கள். பள்ளத்தின் குறுக்குவெட்டு, காற்று வெளியேறக் கீறிய கோடுகள், ஊற்றுத் தகட்டின் திருகு, பிடியின் பொருள், அடிபட்ட தடயம் ஆகிய அனைத்தையும் குறியுங்கள். குழியை அளக்க அதில் மறுபடி ஈயம் ஊற்றாதீர்கள். சிலிக்கோன் படியெடுப்பு போதும். பழைய குழிகளில் படிந்திருக்கும் வெண்தூள் ஈயச் சேர்மம். வெறுங்கையால் தொடக் கூடாது. வீட்டு வார்ப்பில் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியதன் வரலாறு தனி ஆய்வுக்கு உரியது. லிட்ச்ஃபீல்டின் ஃபிரெடரிக்கை நினைக்கும்போதெல்லாம் அந்த ஆய்வு ஏன் இன்னும் நம் துறைக்குள் வரவில்லை என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதை எழுத முன்வரும் மாணவருக்கு என்னால் ஆன உதவி எல்லாம் உண்டு.

அச்சுகளை விவரிக்கும் பொதுப் படிவம் ஒன்றின் வரைவு உங்கள் கோப்புறையில் இருக்கிறது. நிறைவு அமர்வுக்குள் திருத்தங்களை எழுதிக் கொடுங்கள். இப்போது முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.