ஒரு செய்திக்கு ஓர் இடம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)

கவிஞர்கள் கூடியிருக்கும் மன்றத்தில், கல்லூரி மாணவர்க்குத் தரவுத்தளம் கற்பிப்பது பற்றிய உரை எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே. அப்பாடத்தின் உயிர்நிலை, பொருள்களைப் பிரித்தறிந்து பெயரிடுவதும் அவற்றிடையே உள்ள உறவை வரையறுப்பதும் ஆகும். திணையும் துறையும் வகுத்த மரபினர்க்கு அது அயலான கலையாகாது.

1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர் எட்கர் காட் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். தரவு கணிப்பொறிக்குள் எங்கே, எவ்வாறு சேமிக்கப்பட்டுள்ளது என்பதைப் பயன்படுத்துவோர் அறிய வேண்டியதில்லை, அனைத்தையும் அட்டவணைகளாகவே காணலாம் என்பது அதன் சாரம். 1976இல் பீட்டர் சென், பொருள்களையும் உறவுகளையும் படமாக வரையும் முறையை வகுத்தளித்தார். தொடக்கப் பாடம் இன்றும் இவ்விருவர் வழியிலேயே நடக்கிறது. ஆயினும் வகுப்பின் முதல் நாளிலேயே எஸ்.க்யூ.எல். கட்டளைகள் கரும்பலகையில் ஏறிவிடுமாயின், அட்டவணையை உருவாக்க மாணவர் கற்பர். எந்த அட்டவணை வேண்டும் என்று வினவக் கற்கமாட்டார்.

ஒரு பயிற்சியை எண்ணிப் பார்ப்போம். எட்டுத்தொகைப் பாடல்களுக்குத் தாளில் ஒரு தரவுத்தளம் வரையுமாறு ஆசிரியர் பணிக்கிறார். பாடல், திணை, புலவர் பெயர், புலவரைப் பற்றிய குறிப்பு எனப் பத்திகளை அமைத்து, ஒரே பெரிய அட்டவணையை வரைவதே மாணவர்க்கு முதலில் தோன்றும் வழி. கபிலர் பாடல் வரும் நிரைதோறும் அவர் பாரியின் நண்பர் என்னும் குறிப்பும் திரும்பத் திரும்ப வரும். குறிப்பை ஓரிடத்தில் திருத்திப் பிற இடங்களில் மறந்தால், ஒரே புலவருக்கு இரு வரலாறுகள் தோன்றும். ஒரே பாடல் பாடிய புலவரின் பாடலை நீக்கினால், புலவரும் உடன் மறைவார். இம்முரண்களை மாணவர் தம் கையெழுத்திலேயே கண்டபின், பாடலுக்கு ஓர் அட்டவணை, புலவருக்கு ஓர் அட்டவணை எனப் பிரிக்கச் சொல்லலாம். ஒரு செய்திக்கு ஓர் இடம் என்னும் இந்நெறியையே இயல்பாக்கம் என்பர். நோயைக் காணுமுன் மருந்தின் இலக்கணத்தை ஒப்பித்தவர்க்கு அது நெஞ்சில் நிற்பதில்லை.

அடுத்து, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் திறவுகோல். புலவர் பெயரே போதுமே என்பார் ஒரு மாணவர். சங்க காலத்து ஔவையாரும் ஆத்திசூடி பாடிய ஔவையாரும் அவ்விடையை மறுத்துவிடுவர். பாடல் எண் போதும் என்பார் மற்றொருவர். குறுந்தொகையிலும் நாற்பதாம் பாடல் உண்டு, புறநானூற்றிலும் உண்டு. தொகையின் பெயரும் எண்ணும் சேர்ந்தாலன்றிப் பாடல் தனித்து விளங்காது.

உறவுகளிலும் இத்தகைய பாடம் உண்டு. ஓர் உரையாசிரியர் பல பாடல்களை மேற்கோள் காட்டுவார். ஒரு பாடல் பலர் உரையிலும் மேற்கோளாகும். இவ்வுறவைப் பாடல் அட்டவணையிலோ உரையாசிரியர் அட்டவணையிலோ அடக்க இயலாது. மேற்கோளுக்கென மூன்றாவது அட்டவணை வேண்டும். உறவும் ஒரு பொருளாகும் என்பதை மாணவர் உணரும் இடம் அதுவே.

மிகக் கடினமானது வெற்றிடம். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அங்கே இருந்தது தொலைந்தது. குறுந்தொகை நாற்பதாம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் தெரியவில்லை. பாடலின் தொடரைக்கொண்டே அவரைச் செம்புலப் பெயனீரார் என்றனர். அகப்பாடலுக்குப் பாட்டுடைத் தலைவன் பெயர் என்னும் கட்டமோ பொருந்தவே பொருந்தாது. தலைவன் பெயரைச் சுட்டாமையே அங்கு மரபு. தொலைந்தது, தெரியாதது, பொருந்தாதது ஆகிய மூன்றும் கணிப்பொறியில் ஒரே வெற்றிடமாகக் காட்சியளிக்கக் கூடும். மதிப்பு உண்டு, ஆனால் தெரியவில்லை என்பதையும் மதிப்பே பொருந்தாது என்பதையும் வேறுபடுத்த வேண்டும் என்று காட் 1990இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார்.

இவை வகுப்பறை நுணுக்கங்களாக மட்டும் நின்றுவிடுவதில்லை. முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்களையும் கட்டாயமாக்கும் படிவத்தின் முன், தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் தமிழர் திகைத்து நிற்கிறார். அவர் தந்தையின் பெயர் ஓர் ஆவணத்தில் முன்னும், மற்றோர் ஆவணத்தில் பின்னும் அமர்கிறது. கணிப்பொறி ஒருவரை இருவராக எண்ணுகிறது. ஓய்வூதியமோ கடவுச்சீட்டோ அங்கே தடைப்படலாம். அப்படிவத்தை வரைந்தவர் தீயவர் அல்லர். தம்மைப் போன்றவரை மட்டுமே நினைத்து வரைந்தவர்.

ஆகவே தொடக்கப் பாடத்தின் தேர்வு, கட்டளையைப் பிழையின்றி எழுதுவதோடு முடிதல் ஆகாது. மாணவர் தாம் வரைந்த அட்டவணையில் தம் பாட்டியின் பெயரையும், தந்தை பெயர் அறியாத ஒரு குழந்தையின் பெயரையும் எழுதிப் பார்க்கட்டும். எழுத இடமில்லையெனின், திருத்த வேண்டியது அட்டவணையே என்று ஆசிரியர் சொல்லட்டும். பெயர் அறியாப் புலவருக்கும் ஓர் இடம் ஒதுக்கிய தொகுப்பாளர்களின் வழிவந்த மாணவர்க்கு அச்சொல் எளிதில் விளங்கும்.