புகையும் முகிலும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



இந்தப் பாடசாலையில் படித்து வைத்தியரான ஒருத்தி மேடைக்கு வந்தால் நீரிழிவைப் பற்றியோ டெங்குவைப் பற்றியோதான் பேசுவாள் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் இன்று முகில்களைப் பற்றிப் பேசப்போகிறேன். அதற்குக் காரணம் என் பெறாமகள். அவளும் இந்தப் பாடசாலையின் பிள்ளைதான்.

உயர்தரத்தில் அவள் கணிதப் பிரிவை எடுத்தபோதே வீட்டில் கவலை தொடங்கிவிட்டது. பிறகு பௌதிகவியலில் பட்டம், அதன்பின் கலாநிதிப் பட்டம். கடந்த வருடம் ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பதவி கிடைத்தது. ஏரோசோல்களும் முகில்களும் காலநிலையை எப்படி மாற்றுகின்றன என்பதைக் கணினியில் கணித்துப் பார்க்கும் வேலை. மூன்று வருட ஒப்பந்தம், பென்சன் இல்லை. இங்கேயோ நிரந்தரமான அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. அக்கா அழுதுகொண்டு எனக்கு ரெலிபோன் எடுத்தார். "தங்கச்சி, முகிலைப் பார்த்துக்கொண்டிருக்க ஆர் சம்பளம் குடுக்கப்போகினம்? நீ சொன்னால்தான் அவள் கேட்பாள்" என்றார். நானும் அவளைக் கூப்பிட்டு, "போகாதை பிள்ளை" என்றே சொன்னேன். நான் சொன்னது பிழை. ஏன் பிழை என்பதை உங்கள் முன் சொல்ல விரும்புகிறேன்.

அவள் என்னோடு வாதாடவில்லை. "சின்னம்மா, 2022 டிசம்பரை மறந்துபோனீங்களோ?" என்று மட்டும் கேட்டாள்.

மறக்கவில்லை. மண்டோஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்ற நாட்கள் அவை. இந்தியாவின் பக்கத்திலிருந்து மாசுபட்ட காற்று எங்கள் வானத்தை மூடியது. டிசம்பர் 9ஆம் திகதி காற்று மாசு காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்த நாட்களில் தொய்வு நோயாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். நெபுலைசருக்கு முறை வைத்துக் காத்திருந்த ஒரு சின்னப் பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்கியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அந்தத் தூசிதான் தன்னுடைய பாடம் என்றாள் பெறாமகள்.

காற்றில் மிதக்கும் நுண்ணிய துணிக்கைகளையே ஏரோசோல் என்கிறார்கள். கடல் உப்பு, பாலைவனத் தூசி, விறகடுப்பின் புகைக்கரி, நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் உருவாகும் சல்பேற்று எல்லாம் இதில் அடங்கும். 2.5 மைக்கிரோமீற்றருக்குக் குறைந்தவை நுரையீரலின் ஆழம்வரை இறங்கும். வீட்டுக்குள்ளும் வெளியிலும் உள்ள காற்று மாசினால் உலகில் வருடந்தோறும் ஏறக்குறைய 70 இலட்சம் பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இவ்வளவும் எனக்குத் தெரிந்த பாடம். மிகுதியை அவளிடம்தான் படித்தேன்.

துணிக்கை இல்லாமல் முகில் இல்லை. 1880 அளவில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜோன் எயிற்கன் இரண்டு கண்ணாடிப் பாத்திரங்களை எடுத்தார். ஒன்றில் சாதாரண காற்று. மற்றதில் பஞ்சினால் வடிகட்டிய காற்று. இரண்டுக்குள்ளும் நீராவியைச் செலுத்தினார். முதலாவதில் வெண்புகார் நிறைந்தது. இரண்டாவது தெளிவாகவே இருந்தது. நீராவி துளியாவதற்குப் பிடித்துக்கொள்ள ஒரு தூசி வேண்டும். தூசி கூடினால் அதே நீர் அதிகமான சிறு துளிகளாகப் பிரியும். முகில் வெண்மையாகி வெயிலைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். இதை 1970களில் ருவோமி என்ற விஞ்ஞானி விளக்கினார்.

எங்கள் கடலும் இந்தக் கதையில் உண்டு. 1999இல் மாலைதீவைத் தளமாகக் கொண்டு இந்து சமுத்திரத்தின் மேல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதை வழிநடத்தியவர்களில் ஒருவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீரபத்திரன் இராமநாதன். விமானங்களும் கப்பல்களும் அளந்து பார்த்தபோது, தெற்காசியாவிலிருந்து வந்த பழுப்புப் புகைமூட்டம் கடலின் மேல் ஏறக்குறைய 3 கிலோமீற்றர் உயரம்வரை நின்றது. கடலில் விழவேண்டிய வெயிலின் ஒரு பங்கை அது மறித்தது.

இப்போது என்னைத் தூங்கவிடாத விடயத்துக்கு வருகிறேன். ஐக்கிய நாடுகளின் காலநிலைக் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி பூமி ஏறக்குறைய 1.1 பாகை செல்சியஸ் சூடாகியிருக்கிறது. காபனீரொட்சைட்டு முதலிய வாயுக்கள் மட்டும் இருந்திருந்தால் அது 1 முதல் 2 பாகைவரை ஆகியிருக்கும். மிகுதியை மறைத்துவைத்திருப்பது பெரும்பாலும் இந்த அழுக்குத் தூசிதான். டெங்குக் காய்ச்சலுக்குப் பனடோல் கொடுத்தால் காய்ச்சல் தணியும். நோய் உள்ளே தன் பாட்டில் நடக்கும். இந்தப் பனடோலோ பிள்ளைகளின் நுரையீரலையே கெடுக்கிறது.

தூசி ஒரு கிழமை, இரண்டு கிழமைக்குள் மழையோடு விழுந்துவிடும். காபனீரொட்சைட்டு நூற்றாண்டுகளாக நிற்கும். ஆகவே காற்றைச் சுத்தமாக்கினால் மறைந்திருந்த வெப்பம் விரைவில் வெளியே வரும். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்ச அளவு 3.5 வீதத்திலிருந்து 0.5 வீதமாகக் குறைக்கப்பட்டது. கரையோர மக்களுக்கு அது நன்மை. ஆனால் கப்பல்களின் பின்னால் கோடுபோலத் தோன்றும் வெண்முகில்கள் செய்மதிப் படங்களில் வெகுவாகக் குறைந்துவிட்டன.

அப்படியானால் அழுக்கை விட்டுவைப்பதா? வைத்தியராக எனக்கு அதில் இரண்டாவது யோசனை இல்லை. நெபுலைசருக்குக் காத்திருந்த அந்தப் பிள்ளையிடம், பூமி குளிர நீ முட்டுப்பட வேண்டும் என்று எவரும் சொல்ல முடியாது. காற்றைச் சுத்தமாக்கத்தான் வேண்டும். அதே வேகத்தில் காபனீரொட்சைட்டையும் குறைக்க வேண்டும். ஆனால் எவ்வளவு வெப்பம் வெளிவரும், எங்கள் பருவமழை எப்படி மாறும் என்று யாராவது கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டுமே. அந்த அறிக்கை தூசி மறைத்த வெப்பத்தை 0 முதல் 0.8 பாகைவரை என்று சொல்கிறது. ஒரு நோயாளியின் இரத்தப் பரிசோதனை அறிக்கை இவ்வளவு இடைவெளியோடு வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அந்த இடைவெளியைக் குறைப்பதுதான் என் பெறாமகளின் வேலை. உலகக் காலநிலை மாதிரியுருக்கள் வளிமண்டலத்தைப் பெட்டிகளாகப் பிரிக்கின்றன. ஒரு பெட்டி பெரும்பாலும் 100 கிலோமீற்றர் அளவு அகலம். முழு யாழ்ப்பாணக் குடாநாடும் அதற்குள் அடங்கிவிடும். முகில் துளியோ ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு. துளி துளியாக எந்தக் கணினியாலும் கணிக்க முடியாது. அதனால் துளிகளின் நடத்தையைச் சமன்பாடுகளாகச் சுருக்கி, விமான அளவீடுகளோடும் செய்மதித் தரவுகளோடும் ஒப்பிட்டு, பிழை கண்டால் திருத்தி எழுதுகிறாள். இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் அங்கே ஒன்றாக வேண்டும்.

முகில்களைக் கணிக்கத் தொடங்கிய முன்னோடிகளில் ஒருவர் ஜோன் சிம்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி. வளிமண்டலவியல் பெண்களுக்குச் சரிவராது என்று அவரிடமும் சொன்னார்கள். 1949இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில், அத்துறையில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் ஆனார். பின்னாளில் வெப்பவலய மழையை அளக்க 1997இல் ஏவப்பட்ட செய்மதித் திட்டத்தின் விஞ்ஞானத் தலைமையையும் ஏற்றிருந்தார்.

அன்புப் பெற்றோரே, எங்கள் பாடசாலை எத்தனை வைத்தியர்களைத் தந்தது என்று வருடந்தோறும் எண்ணிப் பெருமைப்படுகிறோம். நானும் அந்த எண்ணிக்கையில் ஒருத்தி. அதில் எனக்கு நிறைவு உண்டு. ஆனால் நான் முட்டு வந்தபின் மருந்து கொடுப்பவள். புகை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று முன்கூட்டிச் சொல்லக்கூடிய பிள்ளைகளும் எமக்கு வேண்டும். ஒப்பந்த வேலை பயமானதுதான். அதை நான் மறைக்கவில்லை. அந்தப் பயத்துக்காகக் கெட்டித்தனமான பிள்ளை ஒருத்தியைத் தடுக்க நானே துணைபோனேன் என்பதுதான் எனக்கு வெட்கம்.

அவள் போய்விட்டாள். அக்கா இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். மாரி இருட்டும்போதெல்லாம் மகளுக்கு அழைப்பெடுத்து, "இண்டைக்கு இஞ்சை மழை வருமோ பிள்ளை?" என்று கேட்கிறார். அது தன்னுடைய வேலை இல்லை, வானிலை அவதான நிலையத்தைத்தான் கேட்க வேண்டும் என்று அவளும் ஒவ்வொரு முறையும் விளங்கப்படுத்துகிறாள்.

தங்கைகளே, உங்களில் ஒருத்தி நாளை வீட்டில் இப்படியொரு வேலையைப் பற்றிச் சொல்லி, ஒருவரும் விளங்கிக்கொள்ளாவிட்டால், என்னிடம் வாருங்கள். உங்கள் அம்மாவோடு நான் கதைக்கிறேன்.