பாய் விரித்த தெரு



முன்னோர் கட்டியவை சிங்கப்பூரில் பத்திரமாக இருக்கின்றன என்கிறார்கள். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1973ல் தேசிய நினைவுச்சின்னமானது. பக்கத்திலேயே ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும், தெலுக் ஆயர் தெரு நாகூர் தர்காவும் 1974ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. உண்மைதான். இறைவனுக்குக் கட்டிய இடங்கள் தப்பின. மனிதர்கள் கூடி வாழ்ந்த இடம் எங்கே?

மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் போய்ப் பாருங்கள். தமிழர்கள் அதைச் செட்டித் தெரு என்றார்கள். அங்கே இருந்தவை நகரத்தாரின் கிட்டங்கிகள். நீண்ட கடைவீட்டின் தரையில் வரிசையாகப் பல விலாசங்கள். ஒவ்வொன்றுக்கும் சில அடி இடம், ஒரு பாய், ஒரு கைப்பெட்டி, பின்னால் ஒரு பெட்டகம். பெட்டியடிப் பையனாக ஊரிலிருந்து வந்தவர் அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாகி உயர்ந்ததும் அந்தத் தரையில்தான். பகலில் கொடுக்கல் வாங்கல். இரவில் அதே கட்டடத்தில் படுக்கை. தொழிலில் போட்டியாளர்கள்தான், ஆனாலும் ஒரே கூரையின்கீழ் சாப்பிட்டார்கள், உறங்கினார்கள்.

கோயிலைத் தாங்கியதும் அந்தத் தொழில்தான். வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்து வைப்பது அவர்கள் வழக்கம். டேங்க் ரோட்டில் 1859ல் அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில், 2014ல் தேசிய நினைவுச்சின்னமானது. கிட்டங்கிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1970களின் பிற்பகுதியில் நகரச் சீரமைப்பு அவற்றைக் கொண்டுபோய்விட்டது. 1984ல் அதே தெருவில் கோல்டன் ஷூ வாகன நிறுத்துமிடம் எழுந்தது. 2017ல் அதையும் மூடி இடித்தார்கள். இன்று அங்கே நிற்பது 51 மாடிக் கட்டடம்.

சின்னத் தீவு, எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியுமா என்று எதிரணியினர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், கட்டடம் போனால் கணக்குப் பேரேடும் போகவேண்டுமா? அந்தக் கைப்பெட்டி எதற்கு என்று தெரியாமலே யாராவது அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். கிட்டங்கியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் இன்று தள்ளாத வயதில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள, அரசாங்கத்தின் அனுமதி தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

தைப்பூசத்தன்று பிள்ளைகளுக்குக் கோபுரத்தைக் காட்டுங்கள். தாத்தா பாய் விரித்த தெருவையும் காட்டுங்கள்.