கத்தியின் பிடியும் நம் கையும்



கத்தியைக் கையில் எடுத்ததும் நாம் என்ன செய்கிறோம்? பெருவிரலால் அலகைத் தடவி, கூர் இருக்கிறதா என்று பார்க்கிறோம். பிடியைப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஆனால் அலகு தொடுவது மரத்தை; பிடி தொடுவது நம் கையை. பிடி நழுவினால் அதே கூர்மை நம் பக்கம் திரும்பிவிடும்.

என் தந்தையார் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பிறகு செம்பனையிலும் வேலை செய்தார். அவருடைய மடக்குக் கத்தியின் மரப்பிடி ஒரு மழைக்காலத்தில் விரிசல் விட்டது. ரப்பர் பட்டை ஒன்றை இறுகச் சுற்றிவிட்டார். சில மாதங்கள் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் செம்பனைப் பழம் பொறுக்கிய கையோடு கயிற்றை அறுக்கும்போது, அந்தச் சுற்று அப்படியே கழன்று வந்தது. இடது சுட்டுவிரலில் ஆழமான வெட்டு. மூன்று வாரம் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. அந்த மாதத்துக் கடைக் கணக்கை அம்மா எப்படிச் சமாளித்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ரப்பர் நல்ல பிடிமானம் தருவது உண்மையே. ஆனால் நம் மரத்துப் பாலில் செய்த ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. எண்ணெயைக் குடித்து உப்பும், இளகி வலுவிழக்கும். வெயிலில் கிடந்தால் வெடிப்பு விடும். எண்ணெய் படும் வேலைக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் மேல். இந்த வேறுபாடு என் தந்தையாருக்குத் தெரிந்திருந்தால் அந்தக் காயம் நேர்ந்திராது.

பிடிக்கு எது ஏற்றது என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. சுவிட்சர்லாந்து நாட்டு இராணுவம் தன் வீரர்களுக்கு 1891ஆம் ஆண்டு மடக்குக் கத்தி வழங்கத் தொடங்கியது. அதன் பிடி கருமையாக்கப்பட்ட ஓக் மரம். மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மாறி மாறி அப்படி நடந்தால் விரிசல் விடும். 1908இல் மரத்தை விட்டுவிட்டு, அழுத்திக் கெட்டியாக்கிய நார்ப்பலகைக்கு மாறினார்கள். 1961இல் அலுமினியம் வந்தது. அலுமினியம் ஈரக்கையில் வழுக்குமே என்பீர்கள். அதற்காகவே அதன் மேல் சிறு சிறு கட்டங்களை அழுத்திப் பதித்தார்கள்; மின்சார முறையில் கடினமான மேல்பூச்சும் ஏற்றினார்கள். 2008இல் வந்த கத்தியில் உறுதியான பிளாஸ்டிக் பிடியும், விரல் படும் இடங்களில் வழுக்காத மென்மையான பகுதிகளும் அமைந்தன.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. உறுதி தரும் பொருள் ஒன்று; பிடிமானம் தரும் மேற்பரப்பு மற்றொன்று. இரண்டும் சேர வேண்டும். பளபளவென்று வார்னிஷ் பூசிய பிடி கடையில் அழகாக இருக்கும். வியர்த்த கையில் மீன்போல வழுக்கும்.

இனி, வீட்டில் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன்.

மரப்பிடியானால் வழவழப்பான வார்னிஷைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவித் துடைத்துக் காயவிடுங்கள். அது மரத்துக்குள் இறங்கி இறுகும், மேலே வழுக்காது. தேங்காய் எண்ணெய் காய்வதில்லை. ஆகையால் அது வேண்டாம். ஒரு முக்கிய எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பற்றக் கூடும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

புதுப்பிடி செதுக்க விழுந்த ரப்பர் மரக்கிளையைப் பச்சையாக எடுக்க வேண்டாம். பூசணமும் வண்டும் விரைவில் பிடிக்கும். மூவாரில் மேசை நாற்காலி செய்கிறவர்கள்கூட அந்தப் பலகையை மருந்தேற்றி, உலர்த்திய பிறகே பயன்படுத்துகிறார்கள். நன்கு காய்ந்த பலாக்கட்டை நீடித்து உழைக்கும்.

பித்தளை ஆணி அடித்த பிடியில் அம்மோனியா பட்டால் ஆணி அரிக்கும். பால் உறையாமலிருக்க ஊற்றுவது அந்த அம்மோனியாதான். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலமோ இரும்பைத் தின்னும். எது பட்டாலும் உடனே கழுவித் துடைத்து வையுங்கள்.

பிடிக்கு மேல் சுற்றுப் போட்டிருந்தால் மாதம் ஒரு முறை அவிழ்த்துப் பாருங்கள். உள்ளே ஈரம் தங்கி, துருவும் உளுத்த மரமும் மறைந்திருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நேயர்களே, என் தந்தையாரின் விரல் ஆறியது; ஆனால் அதன் நுனியில் உணர்ச்சி திரும்பவில்லை. இன்று இரவு, கூர் பார்க்கும் அதே கையால் பிடியையும் ஒரு முறை அசைத்துப் பாருங்கள். ஆடினால், நாளைக் காலை அந்தக் கத்தி வேலைக்குப் போக வேண்டாம்.