மீட்டர் சொல்வதும் உலை சொல்வதும்
(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



நம்ம ஊர்ப் பக்கத்திலே, தூத்துக்குடி அனல் மின் நிலையம் 1979-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு 210 மெகாவாட் அலகுகள் ஐந்தாக வளர்ந்தது. அதுபோன்ற எந்தப் பாய்லரிலும் காற்று கூடினால் சூடு புகையோடு போய்விடும். குறைந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அது பற்றினால் உயிருக்கே ஆபத்து. புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜன் 3 சதவீதம் என்றால், தேவைக்கு மேல் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு காற்று போகிறது என்று கணக்கு.

இதை அளப்பது ஜிர்கோனியா அனலைசர். 700 டிகிரிக்கு மேல் சூடாக்கிய செல்லின் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் சுத்தமான காற்று. பி.எஸ்ஸி.யில் நாம் மனப்பாடம் பண்ணின நெர்ன்ஸ்ட் சமன்பாடுதான் இதன் உயிர். ஆக்ஸிஜன் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் சுமார் 50 மில்லிவோல்ட் ஏறும். இரண்டு பக்கமும் காற்றானால் பூஜ்யம். ஆகவே ஒயர் ஷார்ட் ஆகி மில்லிவோல்ட் விழுந்தாலும், மீட்டர் 'காற்று தாராளம்' என்றே சொல்லும். அதை நம்பிக் காற்றைக் குறைத்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

அளவு சந்தேகமாக இருந்தால் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் கூடாது. முதலில் கன்ட்ரோலை ஆட்டோவிலிருந்து மாற்றி, காற்றைப் பாதுகாப்பான அளவில் வையுங்கள். அடுத்து, அளவு தெரிந்த வாயுவைச் செல்லுக்குக் கொடுங்கள். சரியாகக் காட்டினால் குற்றம் கருவியில் இல்லை; புகைப்பாதையில் தேடணும். மேன்ஹோல் கதவு, விரிவு இணைப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படலாம். ஆக்ஸிஜனும் அதிகம், கார்பன் மோனாக்சைடும் அதிகம் என்றால் இதுவே முதல் சந்தேகம். அகலமான பாதையில் இடத்துக்கு இடம் புகை வேறுபடும் என்பதால் ஒரே புரோபை நம்பவும் கூடாது.

தெரிந்த வாயுவுக்கும் தப்பாகக் காட்டினால், ஹீட்டர் சூடு, ஒப்பீட்டுக் காற்று, ஒயர் மூன்றையும் பாருங்கள். ஒப்பீட்டுப் பக்கத்தில் புகை கசிந்தால் அளவு பொய்யாக ஏறும். சோதனை முடிந்ததும் வாயுக் குழாயை மூட மறந்தாலும் அப்படித்தான். உலையின் இழுப்பு வெளிக்காற்றை உள்ளே கொண்டு வந்துவிடும். வாயுவை நிறுத்திய பின் முள் மெதுவாகத் திரும்புகிறதா? ஃபில்டரைச் சாம்பல் அடைத்திருக்கும். எரியாத வாயு சூடான செல்லின்மேல் எரிந்தால் அளவு குறைவாகத் தெரியும். இன்னொன்று, புகைக்குள்ளேயே இருக்கும் புரோப் ஈரத்தோடு அளக்கும். வெளியே இழுத்து உலர்த்தி அளக்கும் கருவி சற்றுக் கூடுதலாகக் காட்டும். இரண்டும் சரிதான், சண்டை வேண்டாம்.

தொழிலுக்குப் போகப்போகும் தம்பி தங்கைகளே, மீட்டரைத் திருகி ஒப்பேற்றாதீர்கள். அந்த எண்ணை நம்பித்தான் உலைக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார்.