தண்ணீருக்குள் போன கோட்டையும் செம்பனைக்குள் போன லயமும்



மோயாறு வந்து பவானியில் சேரும் இடத்தில் ஒரு கோட்டை இருந்தது. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட தண்டநாயகர்களின் கோட்டை அது. 14-ஆம் நூற்றாண்டில் மாதப்ப தண்டநாயகன் கட்டியதாகச் சொல்வார்கள். ஊருக்கும் டணாய்க்கன்கோட்டை என்றே பெயர் நிலைத்தது. மைசூர் மேட்டு நிலத்திலிருந்து கசல்ஹட்டிக் கணவாய் வழியாகக் கொங்குநாட்டுக்கு இறங்குகிறவர்களின் வழியில் இருந்ததால், இந்த ஊர் வணிகரையும் பார்த்தது, படைகளையும் பார்த்தது. 1790-இல் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின்மேல் இறங்கியது அந்தக் கணவாய் வழியாகத்தான். பத்தாண்டு கழித்து, திப்பு வீழ்ந்தபின், கம்பெனிக்காக நாட்டை ஆய்ந்த பிரான்சிஸ் புக்கானன் தன் நீண்ட பயணத்தில் இங்கே வந்து தங்கிக் குறிப்பு எழுதினார். 1819 தொடக்கத்தில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறப் புறப்பட்டதும் இந்தப் பக்கத்திலிருந்துதான். உதகமண்டலத்தின் கதையைச் சொல்கிறவர்கள் மலையுச்சியில் தொடங்கிவிடுகிறார்கள். ஏறத் தொடங்கிய ஊரை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் போய்ப் பார்க்க முடியாது. அது பவானிசாகர் அணைக்குள் கிடக்கிறது.

1948-இல் தொடங்கிய அணை வேலை 1955-இல் முடிந்தது. எட்டுக் கிலோமீட்டர் நீளக் கரை. கீழ்பவானி வாய்க்கால் ஈரோட்டுப் பக்கம் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தந்தது. அந்தத் தண்ணீரில் பிழைத்த குடும்பங்களின் முன் நின்றுகொண்டு அணை தேவையில்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. மூழ்கவிருந்த ஊரின் மாதவராயப் பெருமாள் திருமேனி வெளியே கொண்டுவரப்பட்டுப் புதுக்கோயிலில் வைக்கப்பட்டது. கற்கோயில் உள்ளேயே நின்றது. மழை பொய்த்து நீர்மட்டம் பெரிதும் இறங்கும் ஆண்டுகளில் அதன் கல்மண்டபம் தலைகாட்டும். பரிசலில் ஆட்கள் போவார்கள், பத்திரிகையில் படம் வரும், மேலே காட்டில் மழை பெய்ததும் பேச்சு அடங்கிவிடும். மேட்டூரிலும் இதே கதைதான். 1934-இல் நிரம்பத் தொடங்கிய அந்த நீர்த்தேக்கத்தில், பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவதைத்தான் வறட்சிக்கு அடையாளமாகச் சனங்கள் சொல்வார்கள்.

இந்தச் செய்திகளில் ஒன்று கவனிக்க வேண்டியது. மேலே வருவது எப்போதும் கோயில், கோபுரம், நந்தி. சந்தைத் தெரு எங்கே, குயவர் சூளை எங்கே, சேரி எங்கே, சுடுகாடு எங்கே என்ற கேள்விக்கு அந்தப் படங்களில் பதில் இல்லை. கருங்கல்லில் கட்டியவர்கள் தண்ணீருக்குள்ளும் நிற்கிறார்கள்; மண்சுவரில் வாழ்ந்தவர்கள் முதல் வெள்ளத்திலேயே கரைந்துபோனார்கள். கரைவதற்கு முன்னே யாராவது அளந்து எழுதியிருந்தால் மட்டுமே அவர்களுக்குச் சரித்திரம்.

அப்படி அளந்த இடமும் உண்டு. பவானிசாகர் முடிந்த அதே 1955-இல், டிசம்பர் 10 அன்று, கிருஷ்ணா நதியில் நாகார்ஜுன சாகர் அணைக்கு நேரு அடிக்கல் நாட்டினார். இக்குவாகு மன்னர்களின் தலைநகரான விஜயபுரி அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தது. 1926-இல் கண்டுபிடிக்கப்பட்டு, அடுத்த சில ஆண்டுகள் தொல்லியலாளர் லாங்ஹர்ஸ்ட் தோண்டிய இடம். அடிக்கல்லுக்கு முந்திய ஆண்டிலேயே, ஆர். சுப்பிரமணியம் தலைமையில் தொல்லியல் துறை முழுப் பள்ளத்தாக்கையும் கையில் எடுத்தது. 1960 வரை வேலை நடந்தது. தூபியும் விகாரையும் மட்டும் பார்த்துவிட்டு அவர்கள் திரும்பிவிடவில்லை. பழங்கற்காலக் கருவி தொடங்கி ஆற்றங்கரைப் படித்துறை, வீடுகள், பார்வையாளர் படிவரிசை கொண்ட அரங்கம் வரை பதிவாயின. சில கட்டடங்கள் பெயர்க்கப்பட்டு, இன்று தீவாகிவிட்ட குன்றின்மேல் மறுபடி எழுந்தன. சில அனுப்பு என்ற கரையூரில். பெயர்த்த கல் சொற்பம். குறித்த குறிப்புத்தான் பெருஞ்செல்வம்.

உலகம் கொண்டாடிய உதாரணம் எகிப்து. அஸ்வான் உயர் அணையில் மூழ்கவிருந்த சின்னங்களைக் காக்க 1960-இல் யுனெஸ்கோ குரல் கொடுத்தது. அபு சிம்பல் கோயில்கள் 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுக்கப்பட்டு மேட்டில் ஏற்றப்பட்டன. ராம்சேஸ் மன்னனின் சிலைகள் இன்றும் அந்த நீரைப் பார்த்தபடி இருக்கின்றன. ஆயிரக்கணக்கான நூபிய மக்களோ அந்த ஆற்றங்கரையை விட்டே வெளியேற்றப்பட்டு, வெகு தூரத்துப் புதுக்குடியிருப்புகளில் இறக்கப்பட்டார்கள். சிலைக்குக் கிடைத்த கவனத்தில் பாதி அவர்களுக்குக் கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

தோட்டத் தமிழருக்கு இன்னும் கிட்டத்து உறவான ஊர் இலங்கையின் பழைய மஸ்கெலியா. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த கடைத்தெரு ஊர். 1969-இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் அதை மூடியது. மழை பொய்த்தால் சண்முகநாதர் கோயிலும் பள்ளிவாசலும் புத்த விகாரையும் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும். ஒரே கடைத்தெருவில் யார் யார் கூடி வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. இலங்கை மலையகத்தில் பெரும்பாலோர் லயத்துக்காரர்கள், தோட்டத்தின் வரிசை வீடுகளில் குடியிருந்தவர்கள். சொந்த மண் என்று பத்திரம் கிடையாது. அவர்களுடைய ஊர் மூழ்கியதற்கு ஆதாரம் அந்தக் கோயில் சுவர்களும் வயதானவர்களின் பேச்சுமே.

இனி மலேசியாவின் கெடா. மேட்டில் முடா அணையும் பெடு அணையும் 1960-களின் கடைசியில் எழுந்தன. உலக வங்கிக் கடனில் நடந்த வேலை. மலையைக் குடைந்த சுரங்கம் முடாவின் நீரைப் பெடுவுக்குக் கொண்டுபோகிறது. அலோர்ஸ்டார் சமவெளியில் ஏறக்குறைய 96,000 ஹெக்டேரில் இரு போகம் நெல் விளைகிறது. 2004 வாக்கில் சீக் பக்கம் பெரிஸ் அணையும் சேர்ந்தது. ஆனால் இந்த மாநிலத்தில் பழைய இடங்களை மூடியதில் தண்ணீரைவிடப் பெரிய நீர்த்தேக்கம் மரம்தான். முதலில் ரப்பர், பிறகு செம்பனை, இப்போது தொழிற்பேட்டையும் வீடமைப்பும். 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தபின் சுற்றுவட்டாரம் மாறிய வேகத்தைப் இந்த அரங்குக்கு வந்திருக்கும் பாடாங் மேஹாக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மரத்துக்குள் மூழ்கியதற்குக் கெடாவின் தொல்லியல் களமான பூஜாங் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளலாம். 1930-களில் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டிய இடங்களில் பல, தோட்டங்களுக்குள் இருந்தவை. அவற்றின் அறிக்கைப் பெயர்களிலேயே தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளும் படகுத்துறைகளும் வெளிப்பட்டதும் செம்பனைக்கு அடியிலிருந்துதான். அவற்றின் காலத்தைப் பற்றி அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை. அது ஆரோக்கியமான சண்டை. ஆரோக்கியமில்லாதது 2013-இல் நடந்தது: 11-ஆம் எண் சண்டியின், அதாவது பழங்கோயிலின், அடித்தளத்தை வீடமைப்பு வேலைக்காக இயந்திரம் வழித்துத் தள்ளியது. ஆய்வேட்டில் எண் இருந்தது. சட்டப்படியான அறிவிப்பு இருக்கவில்லை.

ஆயிரம் ஆண்டுக் கல்லுக்கே அந்தக் கதி என்றால், நூறாண்டுக்கும் குறைவான பலகை லயத்துக்கு யார் காவல்? 1947-இல் ஹார்வர்ட் தோட்டத்திலும் பீடோங்கிலும் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகத் திரண்டார்கள். போலீசோடு மோதல் நடந்தது. மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் அது பெரிய அத்தியாயம். ஆனால் அந்தக் கள்ளுக்கடைகள் நின்ற இடங்களைக் காட்டும் வரைபடம் எங்கே இருக்கிறது? பெரட்டுக் களம், பால் ஸ்டோர், ஆயாக் கொட்டகை, முனியாண்டி கோயில், தண்ணீர்க் குழாயடி, சுடுகாடு எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். தோட்டம் விற்கப்பட்டால் பள்ளியின் உரிமம் பட்டணத்துக்குப் போகிறது. புதுக்கட்டடத்தின் பெயர்ப்பலகையில் தோட்டம் என்று பொருள்படும் 'லாடாங்' என்ற சொல் மட்டும் நிற்கிறது. அக்கம்பக்கத்தில் ஒரு ரப்பர் மரம்கூட இருக்காது. கோயிலைப் பெயர்த்து வைக்கப் போராட்டம் நடக்கும், அதற்கு ஞாயமும் உண்டு. லயத்தைப் பற்றி யாரும் மனு எழுதுவதில்லை.

எனவே இந்தக் கருத்தரங்குக்கு வந்திருக்கும் கட்டுரைகளில், கடாரமும் அதை வென்ற ராஜேந்திர சோழனும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளட்டும். அவர்களுக்கு எழுத ஆள் உண்டு. கருத்தரங்கத் தலைமையின் வேண்டுகோள் வேறு. மதிய அமர்வில் பழைய நில அளவைப் படங்கள் மேசையில் விரிக்கப்படும். ஆய்வு மாணவர்கள் பென்சிலோடு ஒரு பக்கம் உட்கார வேண்டும். பால் வெட்டியவர்களும் கிராணி வேலை பார்த்தவர்களும் மறுபக்கம். எந்த டிவிஷனில் எத்தனை லயம், கிணறு எந்தப் பக்கம், தீமிதிக் குழி எங்கே, புதைத்தது எங்கே, எரித்தது எங்கே என்று அவர்கள் சொல்லச் சொல்லக் குறிக்க வேண்டும். இருவர் முரண்பட்டுச் சொன்னால் இரண்டையும் குறிக்கலாம். சொன்னவர் பெயரும் தேதியும் பக்கத்தில் வேண்டும். அந்தப் படங்களின் நகல் ஒன்று பல்கலைக்கழக நூலகத்துக்கும், ஒன்று மெர்போக் அருங்காட்சியகத்துக்கும், ஒன்று அந்தந்தத் தோட்டத்துப் பள்ளிக்கும் போகும்படி ஏற்பாட்டுக் குழு பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு கண் அயரும் நேரம் அது என்பது தெரிந்ததே. தேநீரை அரை மணி முன்னதாகவே கொடுத்துவிடலாம்.